இரத்தத்தில் 'பாசிட்டிவ்', மலத்தில் ஒன்றுமில்லை: எதை நம்புவது?

சிங்கப்பூரின் யீஷூனில் வசிக்கும் ஒரு வாசகி தம் அப்பாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 70. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். 80களின் தொடக்கத்தில் கப்பல் பட்டறை வேலைக்கு இங்கே வந்து, குடியுரிமை பெற்றுத் தங்கிவிட்டார். ஊரில் இன்னும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறையாவது போய் வரப்பில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்தால்தான் அவருக்கு மனசு ஆறும். சில மாதங்களாக உடம்பெல்லாம் அரிப்பு, அப்புறம் கை கால்களில் நீர்க்கொப்புளங்கள். தோல் நிபுணர் சதைத்துணுக்கு எடுத்துப் பார்த்து 'புல்லஸ் பெம்ஃபிகாய்ட்' என்றார், அதாவது உடம்பின் நோயெதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கிக் கொப்புளம் வரவைக்கும் நோய். தினமும் 40 மில்லிகிராம் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை தொடங்க வேண்டும் என்றும், அதற்கு முன் சில இரத்தப் பரிசோதனைகள் தேவை என்றும் சொன்னார். காசநோய் இல்லை, ஹெபடைடிஸ் பி இல்லை. 'ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஐஜிஜி' (ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற குடற்புழுவுக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்பொருள்) என்ற ஒன்று மட்டும் பாசிட்டிவ். 1.0க்கு மேல் போனால் பாசிட்டிவ் என்று தாளில் போட்டிருக்கிறது, அப்பாவுடையது 2.3. ஈசினோஃபில் என்ற வகை வெள்ளையணுக்களும் கூடுதலாக இருக்கின்றன. மலப் பரிசோதனை ஒருமுறை செய்தார்கள், அதில் ஒன்றும் தெரியவில்லை. "முதலில் ஐவர்மெக்டின் (புழுவைக் கொல்லும் மருந்து), அப்புறம் ஸ்டீராய்டு" என்று சொல்லி நிபுணர் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்குக் கோபம். "இந்த வயசுல வயித்துல புழுன்னு சொல்றாங்க. வெளியில தெரிஞ்சா அசிங்கம்" என்கிறாராம். ஊருக்குப் போகும்போதெல்லாம் பூச்சி மாத்திரை போட்டுக்கொள்பவர் தாம், அதனால் பரிசோதனைதான் தப்பு என்பது அவர் வாதம். சென்னையிலிருக்கும் உறவினர் ஒருவர், ஐவர்மெக்டின் அங்கே மலிவு, யாராவது வரும்போது கொடுத்தனுப்புகிறேன் என்கிறார். இதற்கிடையில் அரிப்பு தாங்காமல், போன முறை ஊர் டாக்டர் கொடுத்து மீதியிருக்கும் பிரெட்னிசலோனை இப்போதே தொடங்கிவிட்டால் என்ன என்றும் அப்பா கேட்கிறார். வாசகியின் கேள்விகள்: இரத்தப் பரிசோதனையை நம்பலாமா? இதைவிடத் துல்லியமான சோதனை இருந்தால் அதைச் செய்யும்வரை காத்திருக்கலாமா? அதே வீட்டிலிருக்கும் அம்மாவுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தொற்றியிருக்குமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மீதி மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். அதை எடுத்து உங்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இன்னும் தொடங்கவில்லை என்றால், ஐவர்மெக்டின் விஷயம் முடிவாகும்வரை தொடங்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே சில நாள் போட்டிருந்தால் (பல அப்பாக்கள் அப்படித்தான்), அடுத்த வாரம் வரை காத்திருக்காமல் நிபுணரின் கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் போட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது; அதுவும் ஆபத்து. எவ்வளவு, எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வையுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இந்தப் புழுவின் குணம்தான். ஸ்ட்ராங்கிலாய்டஸ் மற்ற குடற்புழுக்களைப் போல அல்ல. நாக்குப்பூச்சியோ கொக்கிப்புழுவோ குடலில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுச் செத்துப்போகும். வெளியிலிருந்து புதிதாக வந்தால்தான் எண்ணிக்கை கூடும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் நம் உடம்புக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகக்கூடியது. மனித மலம் கலந்த ஈர மண்ணிலிருக்கும் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடலின் சுவரில் குடியேறுகிறது. அங்கே இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள பெண்புழு, ஆண்புழுவின் துணையில்லாமலே முட்டையிடும். முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். வெளிவரும் இளம்புழுக்களில் பெரும்பாலானவை மலத்தோடு போய்விட, சில மட்டும் உள்ளேயே முதிர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாயை ஒட்டிய தோலையோ துளைத்து மறுபடி முதலிலிருந்து சுற்றைத் தொடங்கும். இப்படியே 30, 40 ஆண்டுகள் ஓடும். ஆளுக்கு ஒன்றும் தெரியாது. எப்போதாவது வயிற்று உப்புசம், காரணம் தெரியாத அரிப்பு, பிட்டத்திலோ தொடையிலோ மணிக்கு ஐந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும் சிவந்த கோடு. அவ்வளவுதான்.

சயாம் மரண ரயில்பாதையில் 1942, 43இல் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளில் பலர் இங்கே சிங்கப்பூரில் பிடிபட்டவர்கள். நாடு திரும்பியவர்களைப் பல ஆண்டுகள் கழித்து லிவர்பூலில் இருக்கும் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பரிசோதித்தபோது, குளிர்நாட்டில் பல பத்தாண்டுகள் வாழ்ந்த பிறகும் அவர்களில் சிலருடைய உடம்பில் இந்தப் புழு இருந்தது. அதே சேற்றில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம்மவர்களும் ஆயிரக்கணக்கில் நின்றார்கள். அவர்கள் உடம்பில் என்ன இருந்தது என்று யாரும் கணக்கெடுத்ததாக நான் படித்ததில்லை.

இந்தச் சமநிலையைக் காப்பது நம் நோயெதிர்ப்புச் சக்தி. ஸ்டீராய்டு அதை அடக்கியவுடன் புழு கட்டுமீறிப் பெருகும். ஆயிரக்கணக்கான இளம்புழுக்கள் குடலைத் துளைத்து நுரையீரல், மூளை என்று போகும்போது குடல் பாக்டீரியாவையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் இரத்தத்தில் நச்சு, மூளைக்காய்ச்சல். இந்தக் கட்டத்துக்குப் போனவர்களில், தீவிர சிகிச்சை கிடைத்தும், பிழைக்காதவர்கள் நிறைய. ஓரிரு வாரமே ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குக்கூட இப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. 2020இல் கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு பரவலாகக் கொடுக்கத் தொடங்கியபோது, பல நாட்டு மருத்துவர்கள் உடனே இந்தப் புழுவை நினைவுபடுத்தியதும் இதனால்தான். உங்கள் அப்பாவின் தோல் நிபுணர் இந்தப் பரிசோதனையை எழுதியது நல்ல மருத்துவம். அதற்காக அவருக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

மலத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை

"மலத்தில் இல்லை, ஆகவே குடலில் இல்லை" என்று அப்பா நினைப்பது இயல்பு. மற்றப் புழுக்களுக்கு அது ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அவை தினமும் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுத் தள்ளும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் விஷயத்தில் மலத்தில் முட்டையே பெரும்பாலும் வராது. வருவது இளம்புழு, அதுவும் கொஞ்சமாக, ஒரு நாள் வந்தால் பல நாள் வராமல். நுண்ணோக்கியின் கீழ் ஒரு சொட்டு மலத்தை ஒரே ஒருமுறை பார்த்தால், தொற்று உள்ளவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் தப்பிவிடுவார்கள். ஏழு நாள் தொடர்ந்து ஏழு மாதிரி பார்த்தால்தான் கிட்டத்தட்ட எல்லாரையும் பிடிக்கலாம் என்பது பழைய ஆய்வுகளின் முடிவு. ஏழு நாள் டப்பா கொண்டுபோகச் சொன்னால் அப்பா என்ன சொல்வார் என்று எனக்கே தெரிகிறது.

மலத்திலேயே மேலான முறை ஒன்று உண்டு. அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டின் நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து இரண்டு மூன்று நாள் மூடிவைப்பார்கள். உயிருள்ள இளம்புழு இருந்தால் அது தட்டின் மேல் நெளிந்து போகும். போகும் வழியெல்லாம் பாக்டீரியாவை இழுத்துக்கொண்டு போவதால், வளைந்து வளைந்து ஓடும் ஒரு புள்ளிக்கோடு கண்ணுக்கே தெரியும். அழகான சோதனை. ஆனால் மாதிரி புதிதாக இருக்க வேண்டும், குளிர்பெட்டியில் வைத்துவிடக் கூடாது, செய்யத் தெரிந்த ஆய்வகமும் வேண்டும். மலத்தில் புழுவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையும் இருக்கிறது. அது 'இருக்கிறது' என்று சொன்னால் நம்பலாம். 'இல்லை' என்று சொன்னால் முழுக்க நம்ப முடியாது. அன்றைய மாதிரியில் புழுவே இல்லாதபோது எந்த இயந்திரமும் கண்டுபிடிக்காதே.

2.3 என்ற எண்

புழுவை நேரடியாகப் பிடிக்க முடியாததால்தான் இரத்தத்துக்குப் போகிறோம். இரத்தத்தில் தேடுவது புழுவை அல்ல, புழுவைக் கண்டு நம் உடம்பு தயாரித்த எதிர்பொருளை. ஒரு பிளாஸ்டிக் தட்டின் குழிகளில் புழுவின் புரதத்தைப் பூசி வைத்திருப்பார்கள். உங்கள் அப்பாவின் இரத்தநீரை அதில் விட்டால், பொருத்தமான எதிர்பொருள் இருக்கும்போது அது ஒட்டிக்கொள்ளும். அப்புறம் சேர்க்கும் வேதிப்பொருளால் நிறம் வரும். நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து எண்ணாகத் தரும். எலைசா என்பது இதுதான். ஆகவே 2.3 என்பது 2.3 புழு என்றோ, நோய் இரண்டு மடங்கு கடுமை என்றோ பொருள்படாது. 1.0 என்ற வெட்டுக்கோட்டைத் தெளிவாகத் தாண்டியிருக்கிறது, விளிம்பில் நிற்கும் 1.1 அல்ல, அவ்வளவே.

இனி, தவறாகப் பாசிட்டிவ் வருமா? வரும். அப்பா இந்த இடத்தில் முழுக்கத் தவறு இல்லை. பல சோதனைப் பெட்டிகளில் தட்டில் பூசியிருப்பது முழுப் புழுவை அரைத்து எடுத்த சாறு. அதில் நூற்றுக்கணக்கான புரதங்கள். அவற்றில் பல மற்ற உருளைப்புழுக்களுக்கும் பொது. கொதிக்கும் குழம்பின் வாசனையை வைத்து உள்ளே கிடப்பது எந்த மீன் என்று சொல்வதுபோல, பெரும்பாலும் சரியாக வரும், சில சமயம் ஏமாற்றும். யானைக்கால் நோயின் ஃபைலேரியாப் புழு, கொக்கிப்புழு போன்றவை எப்போதோ வந்துபோயிருந்தாலும் நிறம் வரலாம். தஞ்சைப் பக்கம் யானைக்கால் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்று அப்பாவுக்கே தெரியும்.

ஆனால் ஒரு முடிவை நம்பலாமா என்பது சோதனையை மட்டும் பொறுத்ததல்ல, சோதிக்கப்பட்டவர் யார் என்பதையும் பொறுத்தது. இதைப் பலர் யோசிப்பதில்லை, மருத்துவர்களும் சேர்த்து. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உள்ளவர்களில் 100க்கு 90 பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 100க்கு 5 பேரைத் தவறாகப் பிடிக்கும் ஒரு சோதனை என்று வைத்துக்கொள்வோம். 100க்கு ஒருவருக்குத்தான் தொற்று இருக்கும் கூட்டத்தில் 1000 பேரைச் சோதித்தால், உண்மையான பாசிட்டிவ் 9, பொய்யான பாசிட்டிவ் ஏறக்குறைய 50. அங்கே பாசிட்டிவ் வந்தவரைப் பார்த்து "பெரும்பாலும் உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். அதே சோதனையை, 100க்கு 20 பேருக்குத் தொற்று இருக்கும் கூட்டத்தில் செய்தால் உண்மை 180, பொய் 40. அதே தட்டு, அதே நிறம், ஆனால் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உண்மை. எண்களை விளக்கத்துக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். சிறுவயது முழுக்க வயலில் வெறுங்காலோடு திரிந்து, இன்றும் ஆண்டுதோறும் அதே மண்ணில் இறங்கும் 70 வயதுக்காரர் எந்தக் கூட்டத்துக்குப் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஈசினோஃபில் பற்றியும் எழுதியிருந்தீர்கள். ஊரில் "ஈஸ்னோஃபீலியா" என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். உங்கள் அப்பா விஷயத்தில் அது எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாது. புழுவாலும் கூடும், பெம்ஃபிகாய்டாலேயும் கூடும்.

இன்னொரு தவறான எண்ணம்: "எதிர்பொருள் என்றால் பழைய தொற்றாகவும் இருக்கலாமே, இப்போது இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?" பல நோய்களுக்கு இது நல்ல கேள்வி. இந்தப் புழுவுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. தானாகப் போவது அபூர்வம் என்பதால், சரியான சிகிச்சை எடுக்காதவரிடம் எதிர்பொருள் இருந்தால் புழுவும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே முறை. அப்பா போட்டுவந்த பூச்சி மாத்திரை பெரும்பாலும் அல்பெண்டசோலாக இருக்கும். நாக்குப்பூச்சிக்கு அது போதும். ஸ்ட்ராங்கிலாய்டஸுக்கு ஒரு மாத்திரை போதாது. ஏழு நாள் இருவேளை கொடுத்தால்கூட ஐவர்மெக்டினுக்குப் பின்னால்தான் நிற்கும்.

இதைவிட நல்ல சோதனை உண்டா

உண்டு, வந்துகொண்டும் இருக்கிறது. உங்கள் கேள்வி நியாயமானது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய சோதனையின் முதல் சிக்கல் மூலப்பொருள். இந்தப் புழுவைத் தேவையான அளவு ஆய்வகத்தில் வளர்ப்பது கடினம். தொற்றுள்ள மனிதரின் மலத்திலிருந்தோ தொற்று ஏற்றப்பட்ட விலங்குகளிலிருந்தோ இளம்புழுக்களைச் சேகரிக்க வேண்டும். அதற்குப் பதில் எலியில் வாழும் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ராட்டி என்ற உறவுக்காரப் புழுவை அரைத்துப் பயன்படுத்தும் பெட்டிகளும் உண்டு. எப்படியானாலும் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் கொஞ்சம் வேறுபாடு வரும். 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தப் புழுவின் இளம்பருவத்தில் இருக்கும் ஒரு தனிப் புரதத்தைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். பெயர் என்ஐஇ. அதை ஆய்வகத்தில் பாக்டீரியாவைக் கொண்டே தயாரிக்கலாம். புழுவே வேண்டாம், தொகுதிக்குத் தொகுதி மாற்றம் இல்லை, ஃபைலேரியாவோடு குழப்பிக்கொள்வதும் வெகுவாகக் குறைவு. பின்னர் எஸ்எஸ்ஐஆர் என்ற இன்னொரு புரதமும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒன்று விட்டதை மற்றொன்று பிடிக்கும். ஒளி உமிழும் நொதியை இந்தப் புரதத்தோடு ஒட்டவைத்து, நிறத்துக்குப் பதில் ஒளியை அளக்கும் முறையும் இருக்கிறது. அதற்கு நேரமும் குறைவு, பொய்யான பாசிட்டிவும் குறைவு.

நம் பக்கத்திலேயே, பினாங்கிலிருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், ஐஜிஜி4 என்ற எதிர்பொருள் வகையை மட்டும் தேடும் பட்டைச் சோதனையை உருவாக்கியிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் நாம் எல்லாரும் வீட்டில் செய்த ஏஆர்டி மாதிரி சில நிமிடங்களில் கோடு விழும். கருவியும் பெரிய ஆய்வகமும் இல்லாத ஊர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் இவை எதுவும் தீர்க்காத சில குறைகள் இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் எதிர்பொருள் உருவாகியிருக்காது. நோயெதிர்ப்பு ஏற்கெனவே அடங்கிப்போனவர்களுக்கு, அதாவது சோதனை மிக அதிகம் தேவைப்படுபவர்களுக்கே, பொய்யான நெகட்டிவ் வரும் வாய்ப்புக் கூடுதல். ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே இரத்தம் எடுத்தது நல்லதாய்ப் போயிற்று. சோதனையைச் சீர்செய்யும்போது ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்பதும் உண்டு: வெட்டுக்கோட்டை ஏற்றினால் பொய்யான பாசிட்டிவ் குறையும், உண்மையான சில தொற்றுகள் நழுவும். எந்த ஊரில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுப்பவருக்கு முதலாவது முக்கியம். ஸ்டீராய்டு தொடங்கப்போகும் ஒரு தனி ஆளுக்கு, நழுவவிடாமல் இருப்பதுதான் முக்கியம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் அதிகமாகவே பயப்படும் சோதனைதான் உங்கள் அப்பாவுக்கு நல்லது.

இப்போது உங்கள் முன்னிருக்கும் வழிகள்

காத்திருந்து இன்னொரு சோதனை செய்வது முதல் வழி. ஆய்வகத்தில் அகார் தட்டோ பிசிஆரோ கிடைக்குமா என்று நிபுணரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தொற்றுநோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். இரண்டாவது கருத்தும் கேட்கலாம். ஆனால் கேட்கும் முன் ஒன்றை யோசியுங்கள். அந்தச் சோதனை நெகட்டிவ் என்று வந்தால் ஐவர்மெக்டினைத் தவிர்ப்பீர்களா? நான் தவிர்க்கமாட்டேன். முடிவை மாற்றாத சோதனைக்காகக் கொப்புளத்தோடு அவரை இரண்டு மூன்று வாரம் உட்காரவைப்பதில் அர்த்தமில்லை. சிகிச்சைக்கு முன் ஒரே ஒரு மல மாதிரி கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவது என்றால் சரி, அதில் நஷ்டமில்லை.

சோதனையை நம்பாமல் நேராக ஸ்டீராய்டு தொடங்குவது அப்பாவின் யோசனை. அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

நிபுணர் சொன்னதுதான் மூன்றாவது வழி, நானும் அதன் பக்கம்தான். ஐவர்மெக்டின் எடையைப் பார்த்துக் கொடுக்கும் மருந்து: கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு 12 மில்லிகிராம், அதாவது 3 மில்லிகிராம் மாத்திரை நான்கு. ஐரோப்பாவில் நடந்து 2019இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு வேளை மட்டும் எடுத்தவர்களிலும் நான்கு வேளை எடுத்தவர்களிலும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு, 100க்கு 85 பேர் போல. ஆனால் அவர்கள் நோயெதிர்ப்பு நன்றாக இருந்தவர்கள். ஸ்டீராய்டு தொடங்கப்போகும் ஒருவருக்கு இரண்டு நாள் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்கும் மருத்துவர்கள் பலர். உங்கள் நிபுணர் எந்த முறையைச் சொல்கிறாரோ அதன்படி செய்யுங்கள். தலைசுற்றல், குமட்டல், ஓரிரு நாள் கூடுதல் அரிப்பு வரலாம். அப்பா வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து எடுத்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் வாழ்ந்தவர்களுக்கு வேறொரு புழுவின் காரணமாக ஐவர்மெக்டினில் தனி எச்சரிக்கை உண்டு; உங்கள் அப்பாவுக்கு அந்தக் கவலை இல்லை.

தராசில் வைத்துப் பாருங்கள். இரத்தப் பரிசோதனை பொய் என்றே வைத்துக்கொண்டாலும், நட்டம் தேவையில்லாமல் விழுங்கிய சில மாத்திரைகள். அது உண்மையாக இருந்து நாம் நம்பாமல் போனால், நட்டம் என்னவென்று எழுதவே எனக்கு மனம் வரவில்லை.

சென்னை உறவினரின் உதவியை அன்போடு மறுத்துவிடுங்கள். மருந்தின் தரத்தைப் பற்றி நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிங்கப்பூரில் இது மருத்துவர் சீட்டோடு மட்டும் வாங்கக்கூடியது. யார் எப்போது எவ்வளவு கொடுத்தார்கள் என்பது அப்பாவின் மருத்துவப் பதிவில் இருந்தால்தான், ஸ்டீராய்டை எப்போது தொடங்குவது என்று நிபுணர் முடிவெடுக்க முடியும். செலவுதான் தயக்கம் என்றால் மருத்துவமனையிலிருக்கும் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் பேசுங்கள்.

அதுவரை அரிப்புக்கு என்ன செய்வது? பெம்ஃபிகாய்டுக்குக் கடுமையான ஸ்டீராய்டு களிம்பைத் தோலில் பூசுவதே மாத்திரைக்கு நிகராக, பரவலான நோயில் அதைவிட நன்றாகக்கூட வேலை செய்யும் என்று 2002இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு காட்டியது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் சிலருக்குக் கொடுக்கப்படுகிறது. களிம்பிலும் கொஞ்சம் மருந்து உடம்புக்குள் போகும் என்பதால் நீங்களாகக் கடையில் வாங்கிப் பூசாமல், "இடைப்பட்ட நாட்களுக்கு ஏதாவது தர முடியுமா?" என்று கிளினிக்கில் கேளுங்கள். புழு போனால் கொப்புளமும் போய்விடும் என்று அப்பா ஒரு கணக்குப் போட்டிருந்தால், அது நடக்காது என்பதையும் மெதுவாகச் சொல்லிவையுங்கள். இரண்டும் வேறு வேறு.

ஸ்டீராய்டு தொடங்கிய பிறகு காய்ச்சல், கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, திடீரென்று வரும் இருமலோ மூச்சிறைப்போ, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, வயிற்றிலோ தொடையிலோ ஊதா நிறப் புள்ளிகள் ஆகியவற்றில் எது வந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வரியாக "ஸ்ட்ராங்கிலாய்டஸ் பாசிட்டிவ், ஸ்டீராய்டில் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். அங்கே இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்த ஒரு வரி பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆறு மாதம் கழித்து

2.3 என்று போட்ட தாளைப் பத்திரமாக வையுங்கள். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அதுதான் அளவுகோல். ஒரு மாதத்தில் மறுபடி சோதித்து, இன்னும் பாசிட்டிவ் என்று பயப்பட வேண்டாம். எதிர்பொருள் மெதுவாகத்தான் இறங்கும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முடிந்தால் அதே ஆய்வகத்தில், அதே வகைச் சோதனையைச் செய்யுங்கள். புதிய எண் பழையதில் 0.6 பங்குக்குக் கீழே வந்திருந்தால் நல்ல அறிகுறி. அப்பாவுக்கு அது ஏறக்குறைய 1.4க்குக் கீழே. அப்போதும் தாளில் 'பாசிட்டிவ்' என்று அச்சாகியிருக்கலாம். அந்தச் சொல்லைவிட எண்ணைப் பாருங்கள். இறங்கவில்லை என்றால் மறுசிகிச்சை பற்றிப் பேச வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் எதிர்பொருள் எண் கொஞ்சம் குழப்பும் என்பதால், முடிவைத் தோல் நிபுணரும் தொற்றுநோய் நிபுணரும் சேர்ந்து படிப்பது நல்லது.

அம்மா, பிள்ளைகள், மற்றும் மானம்

அம்மாவும் அதே ஊரில் வளர்ந்தவர், அதே வயலில் நடந்தவர் என்றால், அவருக்கும் ஒருமுறை இந்த இரத்தப் பரிசோதனை செய்வதை நான் ஆதரிப்பேன். அப்பாவிடமிருந்து தொற்றியிருக்கும் என்பதற்காக அல்ல, அவருக்கும் அதே மண் என்பதற்காக. நீங்களும் உங்கள் பிள்ளைகளும் இங்கேயே வளர்ந்தவர்கள் என்றால், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் கவலைப்பட வேண்டாம். மலத்தோடு வெளியேறும் இளம்புழு தொற்றக்கூடிய நிலைக்கு முதிர வெதுவெதுப்பான ஈரமண் வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டுக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்துவிட்டால் அதன் கதை முடிந்தது. வழக்கம்போலக் கைகழுவினால் போதும். விடுமுறைக்கு ஊருக்குப் போய் வெறுங்காலோடு விளையாடிய பிள்ளைகள் என்றால் குடும்ப மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

'அசிங்கம்' என்று அப்பா நினைப்பதற்கு ஒரு பதில். உலகில் சுமார் 60 கோடிப் பேருக்கு இந்தப் புழு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது சுத்தத்தைப் பற்றிய சான்றிதழ் அல்ல, ஒருவர் எந்த மண்ணில் உழைத்தார் என்பதன் பதிவு. இதே சிங்கப்பூரில் வாளிக் கழிப்பறைகள் முழுவதுமாக ஒழிந்தது 1987இல்தான். கம்பத்து வீட்டில் வளர்ந்த, அப்பாவின் வயதொத்த சீன, மலாய் நண்பர்களைச் சோதித்தாலும் சிலருக்கு வரும். அரசாங்கத்துக்குக் கட்டாயமாகத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இது இல்லை. அப்பாவின் அனுமதி இல்லாமல் மருத்துவமனை வேறு யாரிடமும் சொல்லாது, உங்களையும் சேர்த்து. ஆகவே அடுத்த வாரச் சந்திப்புக்கு நீங்களும் கூடப் போவதாக இருந்தால், உள்ளே நுழைந்ததும் "என் மகளும் இருக்கட்டும்" என்று அப்பாவே ஒரு வார்த்தை சொல்லட்டும்.

இனி ஊருக்குப் போனால் வயலில் இறங்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்கள். தேக்கா பக்கம் வன்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.